அடிபட்ட சாரைக்கு மருந்து

அனுமந்தன்பட்டி வயலில் அறுவடை இயந்திரத்தில் அடிபட்ட சாரைப்பாம்பைப் பார்த்தால், பாவம் என்று அதன் வாயில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். பாம்புக்கு மூச்சுத்துளை வாயின் அடித்தளத்திலேயே, முன்பக்கமாக இருக்கிறது. தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். கால்நடை மருத்துவர் குழாய் வழியாக வயிற்றுக்கோ, ஊசி வழியாகத் தோலுக்கடியிலோ திரவம் செலுத்துவார். அதையும் வெதுவெதுப்பாக்கித்தான் கொடுப்பார். உடல் குளிர்ந்திருந்தால் ஊர்வனவற்றுக்கு மருந்தும் மந்தமாகவே வேலை செய்யும்.

ஊசி பெரும்பாலும் உடலின் முன்பாதியில்தான். வால்பக்க ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் சிறுநீரகத்துக்குள் புகுந்து போகக்கூடும். சில மருந்துகள் அங்கேயே வெளியேறிவிடும், சில சிறுநீரகத்தையே கெடுக்கும்.

வயல் எலியைத் தின்று நம் நெல்லைக் காக்கிற உயிர் அது. தொடாமல், அடிக்காமல், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கும் பொருந்தும்.