ஹெவி மெட்டல் இசையில் கிட்டார் ஆம்ப்ளிபயர்

ஹெவி மெட்டல் இசையில் ஆம்ப்ளிபயரின் வேலை கிட்டார் ஒலியைப் பெரிதாக்குவது மட்டுமன்று. அதை வேண்டுமென்றே சிதைத்து முரட்டு ஒலியாக மாற்றுவதும் ஆகும். எது பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் இசையின் வேகமே முடிவு செய்கிறது.

பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி, லேனி ஆம்ப்ளிபயர்களில் வாசித்தவர். மெதுவான அப்பாணியில் சுரங்கள் நீண்டு ஒலிப்பதால் தாழ்ந்த ஒலி சற்றுக் குழைந்தாலும் கெடுதலில்லை.

வேகமான த்ராஷ் மெட்டலில் அதே குழைவு ஒலியைக் கூழாக்கிவிடும். எனவே சிதைவுக்கு முன்பே தாழ்ந்த ஒலியைக் குறைத்து, பின்னர் கூட்ட வேண்டும். மெசா பூகி மார்க் வகையில் இதற்கு வழியுண்டு: தொனிக் குமிழ்கள் சிதைவுக்கு முன்னும், ஈக்வலைசர் பின்னும் அமைந்துள்ளன. மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986) இசைத்தொகுப்பில் ஒலிப்பது இவ்வகையே.

ஸ்வீடனின் டெத் மெட்டலிலோ ஆம்ப்ளிபயர் இரண்டாம் பட்சம்தான். என்டூம்டு குழுவின் 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' (1990) தொகுப்பில் கேட்கும் ரம்பம் அறுப்பது போன்ற ஒலி, பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடல் தந்தது.

புதிதாகப் பழகுவோர் கெயின் குமிழை முழுதும் திருப்பி, நடு ஒலியை அடியோடு குறைப்பதுண்டு. தனியறையில் மிரட்டும் அந்த ஒலி, டிரம்முடன் சேர்ந்ததும் காணாமல் போய்விடும்.