கழுத்து முள்ளெலும்புகளில் தோன்றும் தீங்கற்ற கட்டிகள்

கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனேயே புற்றுநோயை எண்ணி அஞ்சுவது மக்களின் இயல்பு. அது தீங்கற்ற கட்டியே என்று மருத்துவர் கூறியதும் அவ்வச்சம் முற்றிலும் நீங்கிவிடுவதும் இயல்பே. உடலின் பல இடங்களில் இந்த ஆறுதல் பொருத்தமானதாகும். ஆனால் கழுத்து முள்ளெலும்புகளைப் பொறுத்தமட்டில் கட்டியின் தன்மையை மட்டும் அறிந்தால் போதாது. அது அமைந்துள்ள இடத்தையும் சேர்த்தே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கழுத்தில் 7 முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவேயுள்ள துளை வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. பக்கவாட்டிலுள்ள சிறு துளைகளின் வழியாக, மூளையின் பிற்பகுதிக்குக் குருதி கொண்டு செல்லும் இரு தமனிகள் மேலேறுகின்றன. கைகளுக்குரிய நரம்புகளும் இங்கிருந்தே கிளைக்கின்றன. இத்துணை நெருக்கமான இடத்தில், பிற உறுப்புகளுக்குப் பரவும் இயல்பில்லாத கட்டியும் வளர்ந்து அழுத்துமாயின் கைகால்கள் தளர்ந்துவிடக் கூடும்.

இவ்வகைக் கட்டிகளுள் சிறப்பாக அறியத்தக்கது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பதாகும். இதனைத் தனி நோயாக 1935-ஆம் ஆண்டில் விளக்கியவர் நியூயார்க் நகரத்து நோய்க்குறியியல் அறிஞர் ஹென்றி ஜாஃபி ஆவார். இதன் கரு பெரும்பாலும் 1.5 சென்டிமீட்டருக்கும் குறைவானதே. எனினும் அது விளைக்கும் வலி மிகப் பெரிது. சிறுவர்களையும் இளைஞர்களையுமே இது பெரிதும் பற்றுகிறது. இரவில் வலி மிகும். ஆஸ்பிரின் போன்ற மருந்து உட்கொண்டால் வியக்கத்தக்க அளவில் தணியும். கட்டியின் கருவில் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரப்பதும், அம்மருந்து அச்சுரப்பைத் தடுப்பதுமே இதற்குக் காரணம். வலியினால் தசைகள் இறுகிக் கழுத்து ஒருபுறமாகத் திரும்பிவிடுவதும் உண்டு. இதனைச் சுளுக்கு என்று கருதி, உருவியும் எண்ணெய் தேய்த்தும் மாதக்கணக்கில் காலம் கழிப்பது வழக்கமாக நேரும் பிழையாகும். சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தில் இச்சிறு கட்டி புலப்படாமற் போகலாம். டெக்னீசியம் என்னும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் எலும்புப் படமும், கணினிவழிக் குறுக்குவெட்டுப் படமும் அதனைக் காட்டிக் கொடுக்கும்.

இதே இனத்தைச் சேர்ந்து, இதனினும் பெரிதாக வளர்வது ஆஸ்டியோபிளாஸ்டோமா. இது தண்டுவடத்தை அழுத்தவும், முற்றிலும் அகற்றப்படாவிடின் மீண்டும் வளரவும் வல்லது. குருதி நிரம்பிய அறைகளாய் எலும்பை உப்பச் செய்யும் நீர்க்கட்டி போன்ற மற்றொரு வகையை ஜாஃபியும் லிக்டென்ஸ்டைனும் 1942-இல் விவரித்தனர். இவற்றுக்கு மாறாக, முள்ளெலும்பில் தோன்றும் குருதிக்குழாய்க் கட்டிகளுள் பெரும்பாலானவை எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. அவற்றுக்குச் சிகிச்சையும் தேவையில்லை. ஆகவே கட்டி எவ்வகையினது என்று துணிந்த பின்னரே கத்தியை எடுத்தல் முறையாகும்.

அறுவை சிகிச்சையின் நோக்கங்கள் மூன்று: கட்டியை முழுமையாக நீக்குதல், தண்டுவடத்தையும் தமனிகளையும் காத்தல், கழுத்தின் உறுதியை நிலைநிறுத்துதல். இவை சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படும். எலும்பை மிகுதியாக அகற்றினால் கட்டி திரும்பாது; ஆனால் கழுத்து தளரும். குறைவாக அகற்றினால் கழுத்து உறுதியாயிருக்கும். கட்டி மீண்டும் தலைகாட்டும். வளரும் குழந்தைகளில் பின்புற வளைவெலும்புகளை எடுத்தபின் கழுத்து முன்னோக்கி வளைந்துவிடும் அபாயமும் உண்டு. ஆகையால் தேவையான இடங்களில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை ஒட்டி, உலோகத் திருகுகளாலும் தண்டுகளாலும் இணைத்து விடுகின்றனர். முன்புறமாகக் கழுத்தெலும்புகளை அணுகும் முறைகளை ஸ்மித், ராபின்சன், கிளோவார்டு ஆகியோர் 1950-களில் வகுத்தனர். வட்டுக் கோளாறுகளுக்கென அமைந்த அவ்வழிகள், எலும்பின் முன்பகுதியிலுள்ள கட்டிகளை அகற்றவும் பயன்படுகின்றன. குருதி மிகுந்த கட்டிகளுக்கு, அறுவைக்கு முன்னரே ஊட்டக் குழாய்களை அடைத்துவிடுவதால் இரத்தப்போக்குக் குறைகிறது. சிறு கருவை ஊசிமுனை வெப்பத்தால் அழிக்கும் முறையும் உண்டு. எனினும் நரம்புக்கு மிக அருகில் இதனைக் கையாள்வதில் பெரும் எச்சரிக்கை வேண்டும்.

காலத்தின் அருமையை ஓர் ஆய்வு தெளிவாக உணர்த்துகிறது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவினாலும் ஆஸ்டியோபிளாஸ்டோமாவினாலும் முதுகெலும்பு கோணிய நோயாளிகளை ஆராய்ந்து 1986-இல் வெளியான கட்டுரையொன்று, வலி தோன்றிய 15 மாதங்களுக்குள் கட்டியை அகற்றினால் கோணல் பெரும்பாலும் நிமிர்கிறது என்றும், அதற்குமேல் தாமதித்தால் அவ்வாய்ப்புக் குறைகிறது என்றும் காட்டியது.

ஆதலின், ஒரு சிறுவனோ சிறுமியோ பல வாரங்களாக இரவில் கழுத்து வலிக்கிறது என்று கூறினால், அதனைப் பள்ளிக்குச் செல்லாமலிருக்கச் சொல்லும் சாக்கு என்று தள்ளிவிடலாகாது. மாத்திரையால் வலி தணிவது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மேலும், காய்ச்சலுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் ஆபத்தானதாகலாம். மருத்துவரைக் கேளாது அதனைத் தருதல் கூடாது. கழுத்து திரும்பியே நிற்றல், கைகளில் மரமரப்பு, நடையில் தடுமாற்றம் ஆகியவை காணப்படின் காலந்தாழ்த்தாது மருத்துவமனையை நாடுதல் கடமையாகும். தக்க காலத்தில் கண்டறிந்தால் இக்கட்டிகளுட் பெரும்பாலானவை குணப்படுத்தத் தக்கவையே.