டாக்டரிடம் சொல்லக் கூசும் நோய்கள்

காய்ச்சல் என்றால் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம். இடுப்புக்குக் கீழே தொல்லை என்றால் வாய் வருவதில்லை. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, முதுகுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. கூச்சம் எல்லோருக்கும் இயல்புதான். ஆனால், எளிதில் சரியாகும் நோயைக்கூட அது முற்ற வைத்துவிடும்.

தும்மினால் கசியும் சிறுநீர்

பிரசவத்தாலும் மாதவிடாய் நிற்பதாலும் சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளரலாம். அப்போது இருமினாலும் சிரித்தாலும் குடம் தூக்கினாலும் சிறுநீர் கசியும். ‘பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்’ என்று வீட்டிலேயே வாயடைத்துவிடுகிறார்கள். சகஜம்தான், ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பயந்து தண்ணீரைக் குறைப்பது இன்னும் மோசம். சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். மலச்சிக்கல் வந்து முக்கினால் அதே தசைகள் மேலும் தளரும்.

அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய பயிற்சியைத்தான் இன்றும் முதலில் சொல்லித்தருகிறார்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் தசையை உள்ளிழுத்து 5 நொடி பிடித்து, 5 நொடி தளர்த்த வேண்டும். இப்படி 10 முறை, நாளுக்கு 3 வேளை. மூச்சை அடக்கக் கூடாது. தொடையை இறுக்கக் கூடாது. பலன் தெரிய 3 மாதம் வரை ஆகலாம், பொறுமையாகச் செய்யுங்கள். எரிச்சல், ரத்தம், ஏதோ கீழிறங்குவது போன்ற உணர்வு இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆண்களின் மௌனம்

விறைப்புக் குறைபாட்டை டாக்டரிடம் சொல்லாமல் லேகிய விளம்பரங்களை நம்பிப் போகிறார்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகலானவை. அடைப்பின் பாதிப்பு அங்கே சில ஆண்டுகள் முன்னதாகவே தெரியலாம். அதனால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும். மருந்துக்கடையில் தானாக விறைப்பு மாத்திரை வாங்குவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அது உயிரையே பறிக்கலாம்.

மலத்தில் ரத்தம்

எல்லாமே மூலம் அல்ல. குடல் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கலாம்.

எப்படிச் சொல்வது?

சீட்டில் எழுதி நீட்டுங்கள், போதும். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லலாம். ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்பது பெண் நோயாளியின் உரிமை; தேசிய மனித உரிமைகள் ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இது இருக்கிறது.