பெட்டி வரைவதற்கு முன்

ஓர் அரசு மருத்துவமனைக்கு இணையதளம் அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வடிவமைப்பாளர் எடுத்த எடுப்பில் கணினியைத் திறக்க மாட்டார். பக்கத்துக்கு வருபவர் எதைத் தேடி வருவார் என்று ஒரு தாளில் எழுதுவார். புறநோயாளிகள் பிரிவு எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த மருத்துவர் என்றைக்கு இருப்பார், அவசரத்துக்கு எந்த எண்ணை அழைப்பது. வாழ்த்துச் செய்தியும் விழாப் படங்களும் பட்டியலின் அடிக்குப் போகும். லேஅவுட் வேலையில் முக்கால்வாசி, இந்த வரிசையைத் தீர்மானிப்பதுதான் என்பேன்.

அடுத்தது பென்சில். தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களைப் போட்டு, ஒரே விஷயத்தைப் பல விதமாக அடுக்கிப் பார்ப்பார்கள். குறுக்குக் கோடு போட்ட பெட்டி என்றால் படம். நெளிகோடு என்றால் எழுத்து. கட்டம் சிறிதாக இருப்பதால் அலங்காரத்துக்கு இடமில்லை, எது பெரிது எது சிறிது என்பது மட்டும் தெரியும். சரிவராததை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதிலும் வருத்தம் இருக்காது. தேறியதைக் கணினியில் கோட்டுருவமாக வரைவார்கள். அதற்குப் பெயர் வயர்ஃபிரேம்.

பெட்டிகள் கண்டபடி நிற்காமலிருக்க, பக்கத்தைச் செங்குத்துப் பத்திகளாகப் பிரிக்கும் கிரிட் வேண்டும். அச்சுத் துறையில் இது பழைய சங்கதி. சுவிட்சர்லாந்து வடிவமைப்பாளர் யோசஃப் முல்லர்-புரோக்மன் 1981-இல் கிரிட் பற்றியே ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார். இணையத்தில் 2008-இல் நேத்தன் ஸ்மித் வெளியிட்ட 960 பிக்சல் கிரிட் வெகுவாகப் பரவியது. அன்றைக்குப் பரவலாக இருந்த திரைகள் 1024 பிக்சல் அகலம். அதில் 960 வசதியாக அடங்கும். அதை 12 பத்திகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 60 பிக்சல், நடுவே 20 பிக்சல் இடைவெளி. பன்னிரண்டை இரண்டாக, மூன்றாக, நான்காக, ஆறாகப் பங்கு போடலாம். செய்திக்கு எட்டு பத்தி, பக்கவாட்டுப் பட்டைக்கு நான்கு என்று பிரிப்பது சுலபம்.

ஆனால் 2007-இலேயே 320 பிக்சல் அகலத் திரையோடு ஐபோன் வந்திருந்தது. 960-க்குத் திட்டமிட்ட பக்கத்தை அது சுருக்கிக் காட்டும். எழுத்தைப் படிக்க விரலால் பெரிதாக்க வேண்டும். 2010 மே மாதம் ஈதன் மார்காட் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது: அளவுகளைப் பிக்சலில் பூட்டாமல் விகிதமாக வையுங்கள். நான்கு பத்திப் பட்டையின் அகலம் 300 பிக்சல்; 300-ஐ 960-ஆல் வகுத்தால் 31.25 சதவீதம். திரை சுருங்கினால் பட்டையும் சுருங்கும். மிகவும் ஒடுங்கினால் அது கீழே இறங்கி, பக்கம் ஒற்றைப் பத்தியாகும்.

மார்காட்டின் கட்டுரைக்கு முந்தைய ஆண்டே லூக் ரோப்லெவ்ஸ்கி, முதலில் கைப்பேசிக்குத் திட்டமிடுங்கள் என்று வாதிட்டிருந்தார். அதுதான் சரியான பாதை என்று நான் நம்புகிறேன். ஒற்றைப் பத்தியில் பக்கவாட்டில் ஒளித்துவைக்க இடமே கிடையாது; எது முதலில், எது அடுத்து என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். மருத்துவமனைப் பக்கத்தில் அவசர எண் மேலே வருவதும் அப்போதுதான் உறுதியாகும்.

தமிழ்ப் பக்கம் என்றால் இன்னொரு கவனம். லத்தீன் நிரப்பு எழுத்தை வைத்துப் போட்ட லேஅவுட்டில் உண்மையான தமிழ்த் தலைப்பை இட்டுப் பாருங்கள். சொற்கள் புணர்ந்து நீள்வதால் ஒடுக்கமான பத்தியில் வரிக்கு ஒரு சொல்தான் நிற்கும். ‘கி’யின் கொக்கி மேலே எழும்பும், ‘பூ’வின் கால் கீழே இறங்கும், வரி இடைவெளியைக் கூட்டாவிட்டால் மேல்வரியும் கீழ்வரியும் மோதிக்கொள்ளும். ஆகவே முதல் வரைவிலேயே நிஜ வாசகத்தைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று பிரவுசர்களிலும், பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கிரிட் வசதி வந்தபின், இந்த வரைவை நிரலாக எழுதுவது எளிதானது. தலைப்பு, அவசரம், நேரம், அடிக்குறிப்பு என்று பகுதிகளுக்குப் பெயர் சூட்டி, அவை எங்கே அமர வேண்டும் என்பதை வரிவரியாகத் தட்டச்சு செய்தால் போதும். அகலத் திரைக்கு வேறு ஏற்பாடு வேண்டுமா? அந்தச் சில வரிகளை மட்டும் மாற்றி எழுதலாம். எந்த அகலத்தில் மாற்றுவது என்பதை பிரவுசர் சன்னலின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். வரி படிக்க முடியாதபடி நீளும் இடத்தில் ஒரு பத்தியைக் கூட்டுவார்கள்.