ஜெருசலம்: மீண்டும் கட்டியது யாருக்காக?

ஜெருசலத்தின் பழைய நகரில் ஒரு யூத வழிபாட்டுத்தலம் இருக்கிறது. அதன் பெயர் ‘ஹுர்வா’. எபிரேய மொழியில் ‘இடிபாடு’ என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் அங்கே கட்டடம் எழுப்பத் தொடங்கினர். வாங்கிய கடனை அடைக்க முடியவில்லை. 1721ல் கடன் கொடுத்தவர்களே அதற்குத் தீ வைத்தனர். நூறாண்டுக்கும் மேல் இடிந்தே கிடந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1864ல் கட்டி முடித்தார்கள்; 1948 போரில் ஜோர்தானியப் படை தகர்த்தது; 2010ல் பழைய தோற்றத்திலேயே மறுபடியும் திறக்கப்பட்டது. கட்டடம் புதிது, பெயர் மட்டும் இன்னும் இடிபாடுதான்!

இந்தப் பருவத்தில் நான் எடுத்திருக்கும் வரலாற்றுப் பாடத்துக்காக இந்நகரைப் பற்றிப் படித்து வருகிறேன். கி.மு. 586ல் பாபிலோனிய மன்னர் நெபுகத்நேசர், கி.பி. 70ல் ரோமத் தளபதி டைட்டஸ், 614ல் பாரசீகர்கள், 1099ல் சிலுவைப் போர் வீரர்கள் என்று அழித்தவர்களின் பட்டியல் எளிதில் மனப்பாடமாகிவிடும். எனக்கு அதைவிடக் கட்டியவர்களைப் பற்றித்தான் கேள்விகள் எழுகின்றன. யாருக்காகக் கட்டினார்கள்?

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட யூதர்கள் திரும்பிச் செல்லப் பாரசீக மன்னர் சைரஸ் அனுமதித்தார். திரும்பியவர்கள் தங்கள் ஆலயத்தைத் தாங்களே எழுப்பினர். டைட்டஸ் அதை அழித்த பிறகு அப்படி நடக்கவில்லை. பேரரசர் ஹேட்ரியன் 2ஆம் நூற்றாண்டில் அதே இடத்தில் ‘ஏலியா கேப்பிட்டோலினா’ என்ற ரோம நகரை அமைத்தார். 135ல் யூதக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் யூதர்கள் உள்ளே நுழையவே தடை வந்தது. நகரம் திரும்ப எழுந்தது, பழைய குடிமக்களுக்கு மட்டும் அதில் இடமில்லை. 7ஆம் நூற்றாண்டில் முஸ்லிம் ஆட்சி வந்த பிறகுதான் அவர்களால் அங்கு நிலையாகக் குடியேற முடிந்தது.

நான் சற்றும் எதிர்பார்க்காதது 1219ல் நடந்தது. அந்த ஆண்டு நகர மதில்களை இடிக்கச் சொன்னவர் எதிரி அல்லர். ஊரை ஆண்ட அய்யூபிய மன்னர் அல்-முஅஸ்ஸம். சிலுவைப் படை நகரைப் பிடித்தால் மதில்கள் அவர்களுக்கு அரணாகிவிடுமே என்ற அச்சம்! பாதுகாப்பில்லாத ஊரைவிட்டு மக்கள் பலர் வெளியேறினர். இன்று சுற்றுப்பயணிகள் படமெடுக்கும் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் மதில், ஒட்டோமான் சுல்தான் சுலைமான் 1537 முதல் 1541 வரை கட்டியது.

யூதர்கள் தொழும் மேற்குச் சுவரின் முன்னால் உள்ள அகன்ற சதுக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு வயது அறுபதுகூட ஆகவில்லை. மொரோக்கோ வட்டாரத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் அங்கே வாழ்ந்தார்கள். 1967 ஜூன் மாதம், பழைய நகரைக் கைப்பற்றிய சில நாள்களில் இஸ்ரேல் அந்தக் குடியிருப்பை இடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வெளியேற அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது மிகக் குறுகிய அவகாசமே. 19 ஆண்டுகளாகச் சுவரை நெருங்க முடியாதிருந்த யூதர்களுக்கோ அது பெருமகிழ்ச்சியான வாரம். பாடக் குறிப்புகளில் இவ்விரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதவே எனக்குத் தயக்கமாக இருந்தது.

இடிப்பதற்கு முன்பு எடுத்த படங்களில் சுவருக்கு எதிரே ஒரு குறுகிய சந்து மட்டுமே தெரிகிறது. சந்தின் மறுபக்கத்தில் வீடுகள்.