உஷார்! 'எக்ஸ்பெக்ட்' கடிக்கும்

மேலதிகாரிக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளருக்கோ மெயில் தட்டிக்கொண்டிருக்கிறீர்களா? அனுப்புகிற பட்டனிலிருந்து முதலில் விரலை எடுங்கள். கடைசி வரியைப் பாருங்கள். 'ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுமாரோ' என்று இருக்கிறதா? அழியுங்கள். இப்போதே!

இலக்கணம் சரிதானே என்பீர்கள். சரிதான், ஆபத்தே அங்கேதான். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்காது. 'தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று காலங்காலமாகக் கடிதம் முடித்துப் பழகியவர்கள் நாம். அதில் பணிவு இருக்கிறது, திண்ணையில் உட்கார்ந்து தபால்காரர் வரும் வழியைப் பார்க்கிற ஆவல் இருக்கிறது. அதையே இங்கிலீஷில் 'ஐ எக்ஸ்பெக்ட்' என்று எழுதினால் பணிவும் போச்சு, ஆவலும் போச்சு. 'நாளைக்குள் பதில் வந்தாகணும்' என்றுதான் எதிராளிக்குக் கேட்கும். நானே பட்டிருக்கிறேன். ஒரு பதிப்பகத்துக்குக் கட்டுரை அனுப்பி, நல்ல பதிலை எக்ஸ்பெக்ட் செய்வதாக எழுதினேன். ஆறு மாதம் ஆகும் என்று ஒற்றை வரியில் வந்தது பதில்.

இந்தச் சொல்லுக்குப் பல் உண்டு என்பதற்கு 1805 அக்டோபர் 21 சாட்சி. டிரஃபால்கர் கடற்போர் தொடங்கும் நேரம். ஒவ்வொருவரும் கடமையைச் செய்வார் என்று இங்கிலாந்து நம்புகிறது எனக் கொடிகளால் சேதி சொல்லச் சொன்னார் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன். அவர் வாயில் வந்த சொல் 'கன்ஃபைட்ஸ்'. கொடி அதிகாரி பாஸ்கோ தயங்கினார். சங்கேதப் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை; எழுத்தெழுத்தாகக் கொடி ஏற்ற வேண்டும். 'எக்ஸ்பெக்ட்ஸ்' என்றால் சட்டென்று முடியும். நெல்சனும் சரி என்றுவிட்டார். அவசரத்தில் நம்பிக்கை இறங்கி, உத்தரவு கொடியேறிவிட்டது! நெல்சன் இந்தக் கொடி வேலையை நிறுத்தினால் தேவலை, செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியாதா என்று அடுத்த நிலைத் தளபதி காலிங்வுட் சலித்துக்கொண்டாராம்.

அவ்வளவு தூரம் போவானேன்? "நாங்க எதுவும் எக்ஸ்பெக்ட் பண்ணலை சம்பந்தி. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி வாய் மூடுவதற்குள், பெண்ணைப் பெற்றவர் மனசுக்குள் பவுன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார். 'எக்ஸ்பெக்ட்' என்றால் கேட்பது என்று கல்யாணப் பேச்சில் நமக்குத் தெளிவாகவே புரிகிறது. மெயிலில் மட்டும் அது எப்படிக் கைகூப்பும் என்று நினைத்தோமோ!

ஆசைதான் என்றால் 'ஹோப்' போடுங்கள். ஆவலோடு காத்திருந்தால் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. நடக்கும் என்று நம்பக் காரணம் கையில் இருந்தால் மட்டும் 'எக்ஸ்பெக்ட்': மேகம் கறுத்திருக்கிறது, மழையை எக்ஸ்பெக்ட் செய்யலாம். அப்போதும் பின்னால் 'ஃபார்' ஒட்டாதீர்கள். 'எக்ஸ்பெக்ட் மீட்டிங் யூ' கூடாது. 'எக்ஸ்பெக்ட் டு மீட் யூ'.

இன்னொரு கண்ணிவெடி, இதன் ஒன்றுவிட்ட சகோதரர்களைப் போலத் தெரியும் 'அக்ஸெப்ட்', 'எக்ஸெப்ட்'. வேலை கிடைத்த சந்தோஷத்தில் எழுத்து மாறினால், ஏற்கிறேன் என்று சொல்ல வந்தவர் விலக்குகிறேன் என்று சொல்லிவிடுவார். இதற்கும் சிவப்புக் கோடு வராது.

எல்லாவற்றையும்விடப் பயங்கரம், 'ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்' என்று சொல்லி நிறுத்திவிடுவது. எதை, யாரை என்று சொல்லாமல் விட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாசமாக இருக்கிறேன். என் நண்பர் ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது, நல்ல தொந்தி. லண்டன் ஓட்டல் ஒன்றில் டாக்ஸிக்காக நின்றிருக்கிறார். ஏதாவது வேண்டுமா என்று வரவேற்பிலிருந்த பெண் கேட்க, வேண்டாம் என்று கையாட்டிவிட்டு, "ஐ ஆம் எக்ஸ்பெக்டிங்" என்றாராம். அந்தப் பெண் குனிந்து அவர் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாழ்த்துச் சொல்லி நாற்காலி போட்டிருக்கிறார்.