மலை ஆஸ்பத்திரிக்குப் போகும் புது நர்ஸும் அவசர ஒத்திகையும்

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் செய்ய வேண்டிய சிகிச்சையை, பொம்மையை வைத்தும் நோயாளியாக நடிப்பவரை வைத்தும் முன்கூட்டியே செய்து பழகுவது அவசர ஒத்திகைப் பயிற்சி. மருத்துவமனைகளில் இதை சிமுலேஷன் என்கிறார்கள். மாரடைப்பு, பிரசவ ரத்தப்போக்கு, பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தை, வலிப்பு, விஷம் என எதையும் இப்படிப் பழகலாம். படிப்பை முடித்து முதல் வேலையில் சேரும் நர்ஸுக்கு இது மிகவும் தேவை. பழனி மலைத்தொடர் போன்ற இடங்களில் அந்தத் தேவை இன்னும் கூடுதல்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 95 கிலோமீட்டர், மதுரை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். இதில் பாதித் தூரம் வத்தலக்குண்டு மலைப்பாதையின் வளைவுகள். மழைக்காலத்தில் மரம் சாய்ந்தாலோ மண் சரிந்தாலோ வழியே அடைபட்டுவிடும். மேல்மலை, கீழ்மலைக் கிராமங்களிலிருந்து கொடைக்கானல் வந்து சேர்வதே தனிப் பயணம். வெள்ளகவி போன்ற ஊர்களில் நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிய தலைமுறைகள் உண்டு. சாலை விபத்து, காட்டுமாடு முட்டியது, பாம்புக்கடி, தோட்டத்துப் பூச்சிமருந்து, எதிர்பாராத பிரசவச் சிக்கல் என இங்கே நெருக்கடிகளுக்குப் பஞ்சமில்லை.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-ல் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. இரண்டுமே பல உயிர்களைக் காத்து வருபவை. ஆனாலும் வண்டி வந்து, மலை இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியை அடையும்வரை நோயாளியின் உயிர் பக்கத்தில் இருப்பவர் கையில்தான். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் நைட் டியூட்டி பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். டாக்டரைப் போனில் அழைத்துவிட்டு, அவர் வந்து சேரும்வரை முடிவெடுக்க வேண்டியவரும் அவரே.

பெரிய மருத்துவமனையில் புது நர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார். மலைக் கிராமத்தில் அந்தத் துணை கிடைப்பது அரிது. படிப்புக் காலத்தில் மாரடைப்பையோ கடும் ரத்தப்போக்கையோ பார்த்திருந்தாலும், மாணவியாக ஓரமாய் நின்று பார்த்திருப்பார். தானே முன்னின்று செய்திருக்க மாட்டார். படித்த உலகத்துக்கும் வேலை செய்யும் உலகத்துக்கும் இடையே புது நர்ஸ்கள் அடையும் அதிர்ச்சியை அமெரிக்கரான மார்லின் கிரேமர் 1974-லேயே ஒரு நூலாக எழுதினார். தொடக்க நிலையிலிருந்து நிபுணராவது வரை ஒரு நர்ஸ் ஐந்து படிகளைக் கடக்கிறார் என்று 1984-ல் பட்ரீசியா பென்னர் விளக்கினார். அந்தப் படிகளில் ஏற்றிவிடுவது அனுபவம். அதை நோயாளிக்கு ஆபத்தில்லாமல் தருவதே ஒத்திகையின் நோக்கம்.

பொம்மையை வைத்து நர்ஸிங் கற்பிப்பது நூறாண்டுப் பழக்கம். 1911-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் பயிற்சிப் பள்ளிக்கு ஆள் உயரப் பொம்மை ஒன்று வந்தது. அதைச் செய்தவர் மார்த்தா சேஸ் என்ற பொம்மைக் கலைஞர். ‘மிஸஸ் சேஸ்’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. 1960-ல் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால், செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் பழக ‘ரெசஸி ஆன்’ பொம்மையைக் கொண்டுவந்தார். இன்று நாடித்துடிப்பும் மூச்சுச் சத்தமும் உள்ள கணினிப் பொம்மைகள் வந்துவிட்டன. இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-ல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்திலும் ஒத்திகைப் பயிற்சிக்கு இடம் உண்டு.

ஒத்திகை மூன்று கட்டமாக நடக்கும். முதலில் இடத்தையும் கருவிகளையும் நோயாளியின் நிலையையும் சொல்லிவிடுவார்கள். அடுத்தது நெருக்கடி. கடைசியில் கலந்துரையாடல்.

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை எடுத்துக்கொள்வோம். பயிற்றுநரே தாயாக நடிக்கிறார். அவர் வயிற்றில் கட்டியிருக்கும் பையிலிருந்து செயற்கை ரத்தம் வடியும். கருப்பை இறுகுவதையும் தளர்வதையும் அவரே கட்டுப்படுத்துவார். குழந்தை பிறந்து, வழக்கமான ஆக்ஸிடோசின் ஊசியும் போட்டாகிவிட்டது. சில நிமிடங்களில், “தலை சுத்துது சிஸ்டர்” என்கிறார் தாய். நர்ஸ் துணியை விலக்கிப் பார்த்தால் ரத்தம் நிற்கவில்லை. வயிற்றில் கை வைத்தால் கருப்பை தளர்ந்து கிடக்கிறது. “ஆயாம்மா, டாக்டருக்கு போன் போடுங்க, 108-ஐயும் கூப்பிடுங்க” என்று சொல்லிக்கொண்டே கருப்பையைத் தேய்த்துவிட வேண்டும். சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கையில் பெரிய ஊசி இறக்கி, ஆக்ஸிடோசின் கலந்த டிரிப்பை ஓடவிட வேண்டும். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் மெதுவாக ஏற வேண்டும். குழந்தை பிறந்து 3 மணி நேரத்துக்குள் இது தரப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வதும் இங்கே பழகுவார்கள். “டிரனெக்ஸா 1 கிராம்” என்று ஒருவர் கேட்டால், “டிரனெக்ஸா 1 கிராம் ஆரம்பிச்சாச்சு, மணி ரெண்டு பதினாலு” என்று அடுத்தவர் சொல்ல வேண்டும். மருந்து தவறுவதும் இருமுறை போவதும் இதனால் குறையும்.

மூன்றாம் கட்டமே பயிற்சியின் உயிர். எது சரியாக நடந்தது, எந்த இடத்தில் கை தயங்கியது, அப்போது மனதில் என்ன ஓடியது என்று பயிற்றுநர் கேட்பார். திட்டும் கேலியும் கூடாது, மதிப்பெண் மிரட்டலும் கூடாது. தவறைப் பயமின்றிச் சொல்ல முடிந்தால்தான் அதைத் திருத்த முடியும். பேசி முடித்த கையோடு அதே நெருக்கடியை மறுபடியும் செய்து பார்ப்பது இன்னும் நல்லது.

இதில் தன்னம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதற்கு உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977-ல் முன்வைத்த கருத்து உதவும். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர். தானே செய்து வெற்றி காண்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, நம்பத்தக்கவரின் ஊக்கம், பதற்றத்தில் உடல் படும் பாட்டைப் புரிந்துகொள்வது ஆகியவை அவை. தானே செய்து பெறுவதற்கே வலு அதிகம். நல்ல ஒத்திகை நான்கையும் ஒருசேரத் தரும். படபடப்பு வந்தாலும் கை வேலை செய்யும் என்பதை நர்ஸ் தானே உணர்வார். அமெரிக்காவில் 2014-ல் வெளிவந்த தேசிய ஆய்வு ஒன்றில், நோயாளிகளுடன் பயிலும் நேரத்தில் பாதி வரை தரமான ஒத்திகையால் ஈடுசெய்தபோதும் மாணவர்களின் அறிவும் திறனும் குறையவில்லை.

ஒன்றில் கவனம் வேண்டும். நம்பிக்கையும் திறமையும் எப்போதும் சேர்ந்தே வளர்வதில்லை. ஒரு நாள் பயிற்சியில் துணிச்சல் கூடிவிடும், கைத்திறன் அதே வேகத்தில் கூடியிருக்காது. மார்பை அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர் என்று மனப்பாடமாகச் சொல்பவரும் பொம்மையில் குறைவாக அழுத்துவதுண்டு. பழகிய திறனும் சில மாதங்களில் மங்கத் தொடங்கும். ஆகவே, ‘நம்பிக்கை வந்ததா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், செய்வதைப் பார்த்து அளக்கவும், சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யவும் வேண்டும்.

இதற்கெல்லாம் விலை உயர்ந்த கணினிப் பொம்மை கட்டாயமில்லை. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. அளவு குறித்த ரத்த சேகரிப்பு விரிப்பு, ஒருசேரத் தரும் சிகிச்சை, பணியிடத்திலேயே ஒத்திகைப் பயிற்சி ஆகியவை சேர்ந்து, கடும் ரத்தப்போக்கையும் அதன் விளைவுகளையும் 60 சதவீதம் குறைத்தன. மலை ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும் வழி இது. சொந்த வார்டில், சொந்த டிராலியை வைத்து 15 நிமிடம் ஒத்திகை பார்த்தால் போதும்: ஆக்ஸிஜன் சிலிண்டர் சாவி எங்கே, செயற்கைச் சுவாசம் தரும் ஆம்பு பேக்கின் முகமூடி பொருந்துகிறதா, மருந்து காலாவதியாகிவிட்டதா, போனில் சிக்னல் கிடைக்கிறதா என்பதெல்லாம் வெளிப்பட்டுவிடும். ஆயாம்மாவும் ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் அதில் சேர்ந்தால் அணியே பழகிவிடும்.

மலைக்கு வரும் புது நர்ஸைத் தனியாக நைட் டியூட்டியில் போடுவதற்கு முன், அந்த ஊரில் அடிக்கடி வரும் நான்கைந்து நெருக்கடிகளையாவது அவர் ஒத்திகையில் கடந்திருக்க வேண்டும். அதற்கான நேரத்தை டியூட்டி அட்டவணையிலேயே ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை. தைரியமாக இரு என்று சொல்லி அனுப்புவது மட்டும் போதாது. அந்தத் தைரியத்துக்குரிய கைப்பழக்கத்தையும் கொடுத்து அனுப்புவதுதான் நர்ஸுக்கும் நோயாளிக்கும் செய்யும் நியாயம்.